மினுக்கந்தழை

பேராசிரியர் ஞானசம்பந்தம் என்னுடைய பட்டியலைச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு அடித்தது 1967ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கிழமைகூட மறக்கவில்லை என்றால் எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அப்போது காரைக்குடியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் உதவியாளன். காய்ந்த செடியை அட்டையில் ஒட்டுவேன், பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வேன், தமிழ் டைப்ரைட்டர் அடிப்பேன், யாராவது கேட்டால் டீயும் வாங்கி வருவேன். பெயர் வைரவன், ஊர் கல்லல், அப்பா தச்சு ஆசாரி. ஆசாரி வீட்டில் பிறந்தவனுக்கு மரத்தின் பெயரை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கட்டை உளிக்கு மசியும், எது அடுப்புக்குத்தான் லாயக்கு என்று வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பாதிக் காடு மனப்பாடம் ஆகிவிடும்.

பேராசிரியர் ஐயாவுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த மனிதருக்கு எங்கள் செம்மண் பொட்டலில் என்ன பிடித்ததோ, சைக்கிளை மிதித்துக்கொண்டு காடு காடாக அலைவார். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். தலைப்பே ஒரு முழம் நீளம்: 'சிவகங்கைச் சீமையின் சிற்றிலைப் புதர்களும் புல்லிலை மரங்களும்: மக்கள் வழங்கும் பெயர்கள்'. சிற்றிலைப் புதர் என்றால் வேறொன்றுமில்லை. விராலி, காரை, சூரை என்று எங்கள் பொட்டல் முழுக்க இடுப்பளவு உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறதே, அவைதான். புல்லிலை மரம் என்பது மூங்கில், ஈச்சை, தாழை வகையறா. நிற்பது மரம் மாதிரி, இலை மட்டும் புல்லின் சாயல்.

ஒரு ஊரில் காரை என்பதை அடுத்த ஊரில் வேறு பெயரில் கூப்பிடுவார்கள். அந்த வேறு பெயரை மூன்றாவது ஊரில் இன்னொரு செடிக்கு வைத்திருப்பார்கள். இந்தச் சிக்கலை அவிழ்த்து, எது எது என்று நாட்டுக்கே சொல்லிவிடுவது என்று கிளம்பியவர் ஐயா. நல்ல காரியம்தான். அதனால்தான் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து எழுபத்திரண்டு பெயர்களை அழகாக டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்காமலே கொடுத்தது என் தப்பு.

"நீ எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவன்யா. இதெல்லாம் கடைத்தெருப் பேரு. எனக்கு எழுத்து வாசனையே படாத ஆள் வேணும்" என்று சொல்லிக் கோட்டை இழுத்தார். ஒரே கோடு, மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும். ஆறாம் வகுப்புப் பையன் நோட்டில்கூட எந்த வாத்தியாரும் அப்படிப் போடமாட்டார்.

ஐயாவுக்குச் சுத்தத்தில் ஒரு பித்து இருந்தது. அந்த வருஷம்தான் ஆட்சி மாறியிருந்தது. தெருவுக்குத் தெரு நல்ல தமிழ் பேசப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மேடையில் பேசுகிற தமிழையும் அவர் நம்பவில்லை. படிப்பு படாத வாயிலிருந்து தானாக வருவதுதான் அசல் என்பார். அதற்குத் தன் மனைவி சொர்ணவல்லி அம்மாளையே சாட்சிக்கு இழுப்பார். அந்த அம்மாள் படித்தது ஐந்தாவது. ஆனாலும் 'சாதம்' என்பதில்லை, 'சோறு'தான். 'ஞானம்' என்பதில்லை, 'அறிவு'தான். 'சம்பந்தம்' என்பதில்லை, 'தொடர்பு'தான். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தைக்கூடச் 'சம்பந்தி வீடு' என்று சொன்னதில்லையாம், 'பொண்ணைக் கொடுத்த வீடு' என்பாராம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் எப்படி வருகிறது பார் என்று ஐயா பெருமைப்பட்டுக்கொள்வார். அந்த அம்மாள் 'பிரயாணம்', 'நமஸ்காரம்' என்றெல்லாம் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அதை ஐயா கணக்கில் சேர்க்கவில்லை. நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அசல் பெயர் சேகரிக்க அவர் சில சட்டங்கள் வைத்திருந்தார். தகவல் சொல்கிறவருக்குத் தகவலாளி என்று பெயர். தகவலாளியிடம் செடியைக் காட்டி "இது என்ன?" என்று மட்டும் கேட்கவேண்டும். பிறகு வாயைத் திறக்கக்கூடாது. அவருடைய பெயர், குடும்பம், சாதி, சண்டை எதையும் கேட்கக்கூடாது. கேட்டால் பழக்கமாகிவிடும், பழக்கமானால் நமக்குப் பிடித்த மாதிரி சொல்ல ஆரம்பித்துவிடுவார்களாம். அதனால் தகவலாளிகளுக்கு எண்தான் உண்டு. எண் ஒன்று வைத்தியர். அவர் செடிக்குப் பெயர் சொல்லாமல் நோய்க்குப் பெயர் சொன்னார். எண் இரண்டு ஆடு மேய்க்கிறவர்; டீக்கடையில் ரேடியோ கேட்கிறார் என்று தெரிந்ததும் நீக்கப்பட்டார். எண் மூன்று பகலிலேயே தள்ளாடினார்.

எண் நான்குதான் காளியம்மாள்.

முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கல்லலுக்கு அப்பால் ஒரு குடியிருப்பிலிருந்து கல்லூரி விடுதிச் சமையலுக்கு விறகுச் சுமை கொண்டுவருவாள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, சினிமாக் கொட்டகைக்குப் போனதில்லை. ஐயாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? விடுதி வாசலில் சுமையை இறக்கிக்கொண்டிருந்தவளை நான்தான் கூட்டிவந்து நிறுத்தினேன். வேண்டுமென்றே செய்ததல்ல என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

மறுநாளே பொட்டலுக்குப் போனோம். ஐயா முதலில் காட்டியது விராலி. பளபளவென்று பிசுபிசுத்த இலை, காகிதச் சிறகு வைத்த மாதிரி காய். அதைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. காளியம்மாள் செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"மினுக்கந்தழை" என்றாள்.

ஐயாவின் பென்சில் ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக ஓடியது. அங்கிருந்து கருப்பர் கோயில் மூங்கில் தூறுக்குப் போனோம். "இது என்ன?" என்று மேலே கையைக் காட்டினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெகுநேரம் யோசித்துவிட்டு, "புல்லுமரம்னு வச்சுக்கங்களேன்" என்றாள். 'வச்சுக்கங்களேன்' என்பதை ஐயா எழுதிக்கொள்ளவில்லை. திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கண்ணீரே இருந்தது. மூங்கில் மரமல்ல, புல் என்று விஞ்ஞானம் கண்டுபிடித்துச் சொன்னதை, இந்த எழுதப் படிக்கத் தெரியாத பெண் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறாள் என்பது அவர் கண்டது. கண்மாய்க் கரையில் நின்ற மருத மரத்தைக் காட்டியபோது 'கம்மாக்கரை மரம்' என்றாள். பின்னிணைப்பில் சேர்க்க அதுவும் ஆயிற்று.

எனக்கு விராலியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. காளியம்மாளின் புருஷன் எனக்குத் தெரிந்த ஆள். விராலிமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு பிறந்ததால் விராலிமலை என்று பெயர். ஊரில் விராலி என்று கூப்பிடுவார்கள். மாமனார் மூங்கிலடியான், அந்த மூங்கில் தூறுக் கருப்பரின் பெயர். புருஷனின் அண்ணன் மருது. எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். மாமனார், மூத்தார் பெயருக்கும் அதே மரியாதைதான். அந்தப் பெயர் ஒரு செடிக்கோ ஊருக்கோ இருந்தால் அதையும் சொல்லமாட்டார்கள், ஆளாளுக்கு வாய்க்கு வந்த வேறு பெயரை வைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரியே வைரவன்பட்டிக்குப் போகும்போது "பட்டிக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்லுவாள்.

இதை அன்றைக்கே ஐயாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நான் சொல்லவில்லை. சிவப்புக் கோடு கண்ணிலேயே நின்றது. கடைத்தெருப் பெயர்க்காரனுக்கு எதற்கு வம்பு என்று டைப்ரைட்டரில் காகிதத்தைச் சொருகி, 'விராலி (கடைத்தெரு வழக்கு), மினுக்கந்தழை (அசல் வழக்கு)' என்று சுத்தமாக அடித்துக் கொடுத்தேன். அடிக்கும்போது சந்தோஷமாக இருந்தது என்பதையும் ஒளிக்கவில்லை.

எப்படியும் ஒரு வாரத்தில் அவருக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியவில்லை. அந்த ஊரில் வேறு எவரைக் கேட்டாலும் விராலி, மூங்கில் என்றுதான் சொன்னார்கள். அவர்களையெல்லாம் கெட்டுப்போனவர்கள் என்று ஒதுக்கினார். கேட்டவர்களில் நூறு பேர் ஒன்றைச் சொல்லி ஒருத்தி வேறொன்றைச் சொன்னால் சாதாரண மனிதனுக்கு அந்த ஒருத்தி மேல் சந்தேகம் வரும். ஐயா படித்தவர், நூறு பேர் மேல் சந்தேகம் வந்தது.

அப்புறம் வருஷங்கள் ஓடின. மூங்கிலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார், சென்னையில் ஒரு சஞ்சிகையில் வந்தது. அதைப் படித்துவிட்டு யாரோ பாராட்டிக் கடிதம் போட்டார்கள். கானாடுகாத்தானில் ஒரு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். 'எண் நான்கின் அறிவு' என்று முக்கால் மணி நேரம் பேசினார். எண் நான்கு அந்த நேரத்தில் விடுதிக் கொல்லையில் சுமையை இறக்கிவிட்டு ஒரு செம்புத் தண்ணீருக்குக் காத்துக்கொண்டிருந்திருப்பாள். நான் மேடைக்குக் கீழே செடி ஒட்டிய அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருஷம் ஆக ஆக உண்மையைச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. முதல் வாரம் சொல்லியிருந்தால் அது தகவல். ஐந்தாம் வருஷம் சொன்னால் நான் செய்தது துரோகம்.

1972 ஜூனில் எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெறவேண்டும். அதற்குள் முனைவர் பட்டம் வந்துவிட்டால் அந்த நாற்காலி ஐயாவுக்கு. வராவிட்டால், அவரைவிட எட்டு வயது சின்னவரும் ஏற்கனவே பட்டம் வாங்கியவருமான மாயக்கண்ணனுக்கு. ஐயா அவருக்கு ஒரு காலத்தில் பாடம் எடுத்தவர். இனி அவரிடம் போய் விடுப்புக் கேட்டு நிற்கவேண்டும் என்பதை நினைத்தாலே ஐயாவுக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் சொர்ணவல்லி அம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ஆய்வேட்டை அனுப்பினோம். சென்னையிலிருந்து வரவேண்டிய தேர்வாளர் டாக்டர் புஷ்பவள்ளி, இந்தத் துறையில் பெரிய பெயர். ஏப்ரலில் கடிதம் வந்தது. ஆய்வேடு மிக நன்றாக இருக்கிறது, குறிப்பாக மூங்கிலைப் பற்றிய அத்தியாயம் வியப்பாக இருக்கிறது, வாய்மொழித் தேர்வுக்கு வரும்போது அந்தத் தகவலாளி எண் நான்கைப் பொட்டலிலேயே வைத்துப் பார்க்க விரும்புகிறேன் என்று எழுதியிருந்தார். ஐயா கடிதத்தை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். மாயக்கண்ணனுக்கு இரண்டு தடவை.

காளியம்மாளைத் தேடிக்கொண்டு வரும் பொறுப்பு என்னுடையது. ஒரு வருஷமாக அவள் விடுதிக்கு விறகு கொண்டுவருவது நின்றிருந்தது. கல்லலிலேயே விற்கிறாள் என்றார்கள். ரயில் நிலையத்துக்குப் போகிற பாதையில் புதிதாக ஒரு குடிசை போட்டிருந்தாள். வாசலில் உட்கார்ந்து சுள்ளியை முறித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்து, உட்காரச் சாக்கை உதறிப் போட்டாள். வீடு எப்போது மாறியது என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"அந்த விராலிப் பய மானாமதுரையிலேர்ந்து ஒருத்தியக் கூட்டியாந்துட்டான் தம்பி" என்று தொடங்கினாள். ஒரு மூச்சில் அந்தப் பெயரை ஏழெட்டுத் தடவை சொன்னாள். மாமனார் மூங்கிலடியான் மகன் பக்கம் நின்று இவளுடைய பெட்டியைத் தெருவில் வைத்தாராம். மூத்தார் மருது வேடிக்கை பார்த்தாராம். ஒவ்வொரு பெயரும் முழுசாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

அவளுக்கு நேர்ந்ததைக் கேட்டு வருத்தப்படவேண்டிய நேரத்தில் நான் ஆய்வேட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்: பெரிய இடத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார், அவர் கேட்கும்போது அன்றைக்கு ஒரு நாள் மட்டும் பழையபடி மினுக்கந்தழை, புல்லுமரம் என்று சொல்லவேண்டும், ஐயாவுக்கு ரொம்ப உபகாரமாக இருக்கும். அவள் கையிலிருந்த சுள்ளியைக் கீழே வைத்தாள்.

"அந்த வீட்டுக்குப் போனப்புறந்தேன் அந்தப் பேரெல்லாம் சொன்னேன். இப்ப அந்த வீடு இல்லைல்ல தம்பி" என்றாள். வருவதற்கு மட்டும் ஒத்துக்கொண்டாள். வாத்தியாரய்யா நல்ல மனுஷர், கூப்பிட்டு விட்டு வராமல் இருக்கக்கூடாது என்றாள்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஐயா வீட்டுக்குப் போனேன். சட்டையைத் துவைத்துப் பெட்டி போட்டு வைத்திருந்தார்கள். காலையில் குன்றக்குடிக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டுப் பொட்டலுக்கு வருவதாகத் திட்டம். ஐயா என்னைப் பார்த்ததும் ஆய்வேட்டைப் புரட்டி நன்றியுரைப் பக்கத்தைக் காட்டினார். நான் டைப் அடித்த ஆய்வேடுதான், ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் அவரே கையால் எழுதி ஒட்டியிருந்தார். கடைசி வரியில் 'பொறுமையோடும் நேர்மையோடும் உடன் உழைத்த திரு. வைரவன்' என்று இருந்தது. திரு. போட்டு என் பெயரை அதற்கு முன் யாரும் எழுதியதில்லை. காபியைக் குடித்துவிட்டு, காலையில் எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் கல்லூரி ஜீப்பில் நாங்கள் நாலு பேர் போனோம்: டாக்டர் புஷ்பவள்ளி, ஐயா, ஓய்வு பெறப்போகிற துறைத் தலைவர், நான். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடி, கைத்தறிச் சேலை, காலில் கான்வாஸ் செருப்பு. வழியெல்லாம் செடிகளைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். ஐயாவின் நெற்றியில் திருநீறு காயவில்லை. தன்னுடைய சட்டத்தை ஒருமுறை விளக்கினார்: தகவலாளியிடம் செடியைத் தவிர வேறு எதையும் கேட்கக்கூடாது.

காளியம்மாள் கருப்பர் கோயிலுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் விராலி. எங்களைப் பார்த்ததும் கும்பிட்டாள். டாக்டர் அம்மாள் நேராக அவளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரென்னம்மா?" என்று கேட்டார். ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"காளியம்மா. இம்புட்டு வருசத்துல நீங்கதேன் கேக்குறீக."

"வீட்டுக்காரர் பேரு?"

அது ஒரு மரியாதைக் கேள்வி. பதில் வராது, சிரிப்புத்தான் வரும், பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்லுவார்கள் என்று டாக்டர் அம்மாளுக்கும் தெரிந்திருக்கும். என்னைக்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"விராலிமலை" என்றாள் காளியம்மாள், ஊருக்கே கேட்கும்படி. பக்கத்துச் செடியின் ஒரு கிளையை முறித்து நீட்டினாள். "இந்தா, இந்த விராலியேதேன். பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்னு பதினெட்டு வருசம் வாயிக்குள்ளேயே வச்சிருந்தேன். வேலிக்குப் போடுற செடியக்கூட மினுக்கந்தழைன்னு சொன்னேன். அவன் அப்பன் பேருன்னு மூங்கிலக்கூட வாயால சொல்லல. இப்பத் தெனம் நூறு தடவை சொல்றேன். ஒண்ணும் கொறையல. குத்துக்கல்லாட்டம் இருக்கான்."

துறைத் தலைவர் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் அம்மாள் முறித்த கிளையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தோள்பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்து, எண் நான்கு சொன்ன பெயர்கள் உள்ள பக்கத்தைத் திருப்பினார். மருத மரத்தில் விரலை வைத்து, "இது?" என்றார். மூத்தார் என்றாள். இன்னொன்றில் விரலை வைத்தார். சின்ன மாமனார் என்றாள். விரல் கீழே இறங்க இறங்க ஒரு குடும்பமே வரிசையாக வந்து நின்றது.

"மிஸ்டர் ஞானசம்பந்தம், இதுல பாதி செடிப் பட்டியல் இல்லை. இந்த அம்மா வாழப்போன வீட்டோட உறவுப் பட்டியல்" என்றார் டாக்டர் அம்மாள். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. மற்றப் பாதியையும் இனி எதை நம்பி எடுத்துக்கொள்வது, எல்லோரிடமும் மறுபடி கேட்கவேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சொன்னவர் யார், ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எழுதவேண்டும், குறைந்தது இரண்டு வருஷம் ஆகும் என்று மெதுவாக விளக்கினார். ஜூனுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. காளியம்மாளுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை, தான் சொன்ன ஏதோ ஒன்றால் வாத்தியாரய்யாவின் முகம் இப்படி ஆகிவிட்டதே என்று தவித்துப்போய், "நான் எதும் தப்பாச் சொல்லிட்டேனா சாமி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நீ சரியாத்தான் சொன்னே" என்றார் ஐயா. அந்த நிலையிலும் அப்படிச் சொல்ல அவருக்கு மனம் இருந்தது. அவர் மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது அப்போதுதான். ஐந்து வருஷம் தாமதம்.

அடுத்த நாள் சாயங்காலம் ஆய்வேட்டின் மற்றப் பிரதிகளைக் கட்டிக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். திருநீறு இல்லாத நெற்றி வெறுமையாக இருந்தது. பிரதிகளை ஒரு ஓரமாக வைத்தேன்.

"உனக்குத் தெரியும்தானே?" என்றார்.

தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்றார். முதல் நாளிலிருந்து என்றேன்.

"ஏன்யா சொல்லலை?"

"என் பட்டியலைக் கோடு போட்டு அடிச்சீக."

ஐந்து வருஷமாக உள்ளே மலை மாதிரி இருந்த காரணம், வெளியே வந்ததும் ஆறாம் வகுப்புப் பையன் புகார் மாதிரி ஆகிவிட்டது. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கையைக்கூட அசைக்கவில்லை. ஆமாம், அடித்தேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சொர்ணவல்லி அம்மாள் இரண்டு டம்ளர் காபியோடு வந்தார். ஒன்றை ஐயாவின் பக்கத்தில் வைத்தார்.

"நாற்காலி போனாப் போவட்டும், விடுங்க. எவனோ ஒருத்தன் பேருக்கும் உங்க படிப்புக்கும் என்ன தொடர்பு?"

ஐயா டம்ளரை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். "என்ன சொன்னே?" என்றார்.

"என்ன தொடர்புன்னேன்."

"எல்லாரும் அதை எப்படிச் சொல்லுவாங்க?"

அந்த அம்மாள் தலையைக் குனிந்து முந்தானை நுனியை விரலில் சுற்றினார். ஐயாவின் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், எனக்கு அப்போதுதான் உறைத்தது. காளியம்மாள் விஷயத்தை ஒரு பார்வையில் கண்டுபிடித்த நான், இந்த வீட்டில் ஐந்து வருஷம் காபி குடித்தும் கண்டுபிடிக்கவில்லை. படித்தவர் வீட்டில் இதெல்லாம் இருக்காது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

"ஏன் சொல்றதில்லைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் ஐயா.

"இருபத்தாறு வருஷமாச் சொல்லாமத்தான் இருக்கேன். இன்னிக்குத்தான் காதுல விழுந்துதா?" என்றார் அந்த அம்மாள்.

மற்ற டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஐயா பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். எதை அடிப்பது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.